திரும்பி வந்த படங்கள்

மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருப்பர். அதனை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுவது எமக்கு நேர்ந்த ஒரு தோல்வியைப் பற்றி. பத்துப் புகைப்படங்களை ஓர் அயல்நாட்டு நிறுவனத்துக்கு விற்பனைக்காக அனுப்பினோம்; பத்தும் திரும்பி வந்தன.

அவ்வணிகத்தின் இயல்பை முதலிற் கூறுதல் நன்று. நூல் வெளியிடுவோர்க்கும், விளம்பரம் செய்வோர்க்கும், செய்தித்தாள் நடத்துவோர்க்கும் நாள்தோறும் படங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படப்பிடிப்பாளரை அமர்த்துதல் இயலாது. ஆதலின் பலரிடமிருந்தும் படங்களைச் சேர்த்து வைத்து, வேண்டுவோர்க்குப் பயன்படுத்தும் உரிமையை விற்கும் பண்டசாலைகள் தோன்றின. கனடாவில் 2000ஆம் ஆண்டிலே ஐஸ்டொக்போட்டோவும், நியூயோர்க்கில் 2003ஆம் ஆண்டிலே ஷட்டர்ஸ்டொக்கும் தொடங்கிய பின்னர், மாத்தளையில் இருப்பவரும் இணையத்தின் வழியே தம் படத்தை அனுப்பலாம் என்ற நிலை உண்டாயிற்று. முற்றிலும் புதிய தொழில் என்றும் இதனைச் சொல்லுதற்கில்லை. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளேட்டே நிறுவனம் இலங்கைக் காட்சிகளைத் தபாலட்டைகளாக்கி விற்றதும் ஏறக்குறைய இதுவேயாம்.

எம்மிடம் இருந்தது நண்பர் ஒருவரிடம் அரை விலைக்கு வாங்கிய பழைய கமரா. 2023ஆம் ஆண்டு மாசி மகத்திலே, முத்துமாரியம்மன் கோயிற் பஞ்சரதங்கள் வீதி வலம் வருகையில், பொழுது சாயும் வேளையிற் பல படங்கள் எடுத்தோம். அவற்றுள் ஒன்றில் எம் அன்னையார் தேர்வடத்தைத் தொட்டு நிற்கிறார். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. அடுத்த மாசி மகத்தை அவர் காணவில்லை.

அனுப்பிய பத்தில் முதலாவது அப்படமே. அதற்கு வந்த மறுமொழி ஒரே வரி: இரைச்சல் மிகுதி, குவிவு பிழை, உருவத்துக்குரியவரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லை. மற்றொன்றிலே தேருக்குப் பின்னால் ஒரு குளிர்பானக் கடையின் பெயர்ப்பலகை தெரிந்ததாம். பிறர் வணிகச் சின்னம் கூடாதாம். மாரியம்மன் தேரின் அருமை அயல்நாட்டார்க்கு எங்ஙனம் விளங்கும் என்று வீட்டிலே சினந்து பேசினோம். படம் ஓசையிடுமா என்றும் ஏளனம் செய்தோம்.

சில நாட்களின் பின், எம்மிடம் ஒன்பதாம் வகுப்பிலே தமிழ் கற்று, இப்போது கண்டியில் ஓர் அச்சகத்திற் பணிபுரியும் மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். அவரிடம் எம் வழக்கை வைத்தோம்.

"சேர், இந்தப் படத்த நீங்க போன்லதானே பாத்தீங்க?" என்றார்.

ஆம் என்றோம். அவர் கணினியைத் திறந்து, படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியாக அமையும்வரை பெருக்கினார். அன்னையாரின் முகம் திரையை நிறைத்தது. கண் இருக்கவேண்டிய இடத்திலே கண் இல்லை. செம்மையும் பசுமையுமான மணல் தூவினாற்போன்ற ஒரு கருமையே இருந்தது. யாம் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் விளக்கியதை எமக்கு விளங்கியவாறு எழுதுகிறோம். எம் படம் குறுக்கே 6000 புள்ளியும் நெடுக்கே 4000 புள்ளியும் கொண்டது. ஆக, 24 மெகாபிக்செல். நிறுவனங்கள் கேட்கும் சிறும அளவு 4 மெகாபிக்செல் என்பதால், அளவிலே எமக்குக் குறையில்லை. ஆயினும் நிமிர்த்திப் பிடித்த கைப்பேசித் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 புள்ளியே. படத்தின் முப்பது புள்ளிகள் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குறைகளும் அக்கலப்பிலே மறைந்துவிடுகின்றன. படத்தை வாங்குபவரோ அதனை இருபது அங்குல அகலத்திற்கு அச்சிடக்கூடும். ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்கவும் கூடும். ஆதலின் தேர்வாளர் முழு அளவிலே பார்க்கிறார்.

இரைச்சல் என்ற சொல்லும் பொருத்தமானதே. கோயில் ஒலிபெருக்கியில் மெல்லிய குரலை உரக்கக் கேட்கச் செய்யத் திருகியை முழுதும் திருப்பினால், பாட்டோடு 'உஸ்' என்ற ஓசையும் பெருகுகிறதன்றோ? அந்தி வெளிச்சம் போதாமையால் எம் கமரா தன் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 வரை தானே உயர்த்திக்கொண்டது. குறைந்த ஒளியோடு அதன் இரைச்சலும் பெருகியது. அதன்மேல், நாமே ஒரு மென்பொருளாற் புள்ளிகளைத் துடைத்திருந்தோம், கன்னங்கள் மெழுகாயின. பின் கூர்மையைக் கூட்டினோம்; கோபுரத்தின் விளிம்பிலே வெள்ளைக் கோடு விழுந்தது. கமரா செய்த பிழையினும் எம் கை செய்த பிழையே பெரிது.

எனினும் ஒன்று சொல்வோம். லயனல் வெண்ட் (1900–1944) இருட்டறையிற் செய்த சோதனைப் படங்கள் சிலவற்றை இத்தேர்வாளரிடம் கொடுத்தால், அவையும் திரும்பி வரும் என்பதே எம் துணிபு. அவை கலைக்கூடத்துக்கு உரியவை; இது பண்டசாலை.

"அவங்க காரணத்தையாவது ஒரு வரியில சொல்லியிருக்காங்க, சேர்," என்று அம்மாணவர் சிரித்தார். ஒன்பதாம் வகுப்பிலே அவருடைய கட்டுரையில் யாம் சிவப்பு மையால் 'நடை சரியில்லை, மீள எழுதுக' என்று எழுதினோமாம். எந்த வரியில் என்று குறிக்கவில்லையாம். இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு, அதே கட்டுரையை அழகான கையெழுத்திலே மறுபடி எழுதிக் கொடுத்தாராம். யாம் அதற்கு 'நன்று' என்று எழுதினோமாம்.

எமக்கு அது நினைவில்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலே கட்டுரை திருத்தும் முறையைக் கற்றே வந்தோம். ஆனால் நாற்பத்திரண்டு கொப்பிகளை ஓர் இரவிலே திருத்துபவனுக்கு அம்முறை நினைவிருப்பதில்லை. அன்றிலிருந்து பிழையுள்ள வரியின் கீழே கோடிட்டு, ஓரத்திலே காரணம் எழுதி வருகிறோம். இரண்டு வகுப்புக் கொப்பிகளுக்கு மூன்று இரவுகள் ஆகின்றன. வீட்டிலே முணுமுணுப்பு உண்டு.

படங்களையும் விட்டுவிடவில்லை. 2025ஆம் ஆண்டிலே, சிவந்த வசுவாசி போர்த்த சாதிக்காய்களை ஜன்னலோரத்தில் வைத்து, காலை வெளிச்சத்திலே கமராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100இல் எடுத்தோம். அனுப்புமுன் ஒவ்வொன்றையும் முழு அளவிலே மூலைக்கு மூலை பார்த்தோம். ஆறு அனுப்பினோம், நான்கு ஏற்கப்பட்டன. முதல் விற்பனையிற் கிடைத்தது அமெரிக்கப் பணத்திலே பத்துச் சதம்.

தேர்ப்படத்தை மீண்டும் எவருக்கும் அனுப்பவில்லை. அம்மாணவரே அதனைத் தம் அச்சகத்திலே தபாலட்டை அளவில் அச்சிட்டுக் கொண்டுவந்து தந்தார். முன்னறையிலே மாட்டியிருக்கிறோம். அந்த அளவிலே அன்னையாரின் கண்கள் தெரிகின்றன.