விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: முதலில் எந்த டிஸ்ட்ரோ?

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்ட நாள். பதிவு செய்துகொள்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு என்றும் அறிவித்தது. அதற்கு மேல்? புது கணினி வாங்கு, இல்லையென்றால் விண்டோஸ் 11-க்குப் போ. போகலாம்தான். ஆனால் அது டிபிஎம் 2.0 கேட்கும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும் என்று சொல்லும்.

கோவில்பட்டிக்காரப் பையன் ஒருவன். மூன்றாம் ஆண்டு பொறியியல், விடுதி வாசம். கையில் இருப்பது 2016-இல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி ராம். ஊரில் அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் இரண்டு கணினிகள், அவையும் அதே வயசு. ஆக மூன்றுமே விண்டோஸ் 11-க்கு ஆகாதவை. மூன்றையும் மாற்றப் பணத்துக்கு எங்கே போவது? சரி, லினக்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தான். அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

"எந்த லினக்ஸ் நல்லது?" என்று விடுதியில் கேட்டுப் பாருங்கள். நான்கு பேரிடம் கேட்டால் ஐந்து பதில் வரும். சீனியர் ஒருவர் கையில் அடித்துச் சொன்னார்: "தம்பி, கஷ்டமானதைப் போடு. அப்பத்தான் கத்துக்குவ." அவர் சொன்ன டிஸ்ட்ரோவின் பெயர் இங்கே வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். புதுப் பதிப்பு என்று தனியாக இல்லாமல் தினம் தினம் புதிய மென்பொருட்கள் வந்துகொண்டே இருக்கும் வகை அது. மூன்று இரவு உட்கார்ந்து பையன் அதை ஏற்றிவிட்டான். கம்பீரமாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் ஒரு அப்டேட் கொடுத்தான், கருப்புத் திரையில் வந்து நின்றது. மறுநாள் காலை லேப் ரெக்கார்டு வைக்க வேண்டும்!

சீனியர் சொன்னது பொய் இல்லை. அதில் நிறைய கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் வேலை நடக்க வேண்டிய ஒரே கணினியில், அதுவும் செமஸ்டர் நடுவில், அந்தப் பாடம் எதற்கு?

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கெர்னல் என்கிற கருவை மட்டும்தான். எல்லா டிஸ்ட்ரோவுக்கும் உள்ளே அந்தக் கரு உண்டு. அதைச் சுற்றி என்னென்ன மென்பொருள், திரை எப்படி இருக்கும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்பதில்தான் வேறுபாடு. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் மாதிரி.

இதில் குடும்பங்கள் உண்டு. 1993-இல் டெபியன் பிறந்தது. அதிலிருந்து 2004-இல் உபுண்டு. உபுண்டுவிலிருந்து 2006-இல் லினக்ஸ் மின்ட். தாத்தா, மகன், பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸோரினும் உபுண்டு வழியில் வந்ததுதான், அதன் 18-ஆம் பதிப்பை, விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த அதே 2025 அக்டோபர் 14 அன்று பார்த்து வெளியிட்டார்கள், குறும்புக்காரர்கள் :-)

இந்த உறவுமுறையைத் தெரிந்து என்ன பயன் என்றால், பிரிண்டர் வேலை செய்யவில்லை, சத்தம் வரவில்லை என்று தேடும்போது, உபுண்டுவுக்கு யாரோ எழுதிவைத்த பதில் மின்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அந்தக் குடும்பத்துக்கு எழுதப்பட்ட பதில்கள் ஏராளம். "புதியவர்களுக்கு எளிது" என்பதற்கு உண்மையான பொருள் இதுதான். ஸ்டார்ட் பட்டன் விண்டோஸ் மாதிரி இடது மூலையில் இருப்பது அல்ல. அது இரண்டு நாளில் பழகிவிடும். உடையும்போது பதில் கிடைக்குமா, பக்கத்து அறையில் அதையே வைத்திருப்பவன் ஒருவன் இருக்கிறானா என்றுதான் பார்க்க வேண்டும். பக்கத்து அறைக்காரன் ஃபெடோரா வைத்திருந்து, கூப்பிட்டால் வரவும் செய்வான் என்றால் ஃபெடோராவே போடலாம், தப்பில்லை. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும், அதை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

பையன் இரண்டாம் முறை நிதானமாக இறங்கினான். ஒரு பென் டிரைவில் வென்டாய் போட்டு, உபுண்டு, மின்ட், ஸோரின் மூன்றின் ஐஎஸ்ஓ கோப்புகளையும் அதில் காப்பி செய்தான். வென்டாயின் வசதி இது: எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் போட்டுவைக்கலாம், கணினியை இயக்கும்போது எது என்று கேட்கும். எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தான். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறதா என்று நோட்டில் டிக் போட்டான். எந்த விமர்சனக் கட்டுரையும் இந்த நோட்டுக்கு ஈடாகாது. ஏனென்றால் அது அவன் லேப்டாப்பின் கதை.

மின்டில் வைஃபை மட்டும் வரவில்லை. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டு இணையத்தைக் கொடுத்ததும், டிரைவர் மேனேஜர் என்ற ஒன்றே தேவையான டிரைவரைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டது. நான்கு ஜிபி ராமுக்கு மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சுகமாக ஓடியது. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்த லினக்ஸும் மூச்சு வாங்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. படிப்பு முடிந்து வேலைக்குப் போய் வேறு லேப்டாப் வாங்கும் வரை போதும்.

நிறுவும்போதுதான் கவனம் தேவை. எதிர் அறை மாணவன் ஒருவன் "வன்தட்டை அழித்து நிறுவு" என்பதைச் சொடுக்கினான். 'சி போனாலும் டி-யில் இருப்பது இருக்கும்' என்று நினைப்பு. பல லேப்டாப்பில் சியும் டியும் ஒரே வன்தட்டின் இரண்டு பாகங்கள்தான், இரண்டும் சேர்ந்தே போய்விடும். பாட்டியோடு எடுத்த பள்ளிக்காலப் படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. பாட்டி இப்போது இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதியும் இல்லை.

அதைப் பார்த்தபிறகு பையன் முதல் வேலையாக வெளி வன்தட்டில் எல்லாவற்றையும் நகல் எடுத்தான். பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினான். அது இயங்கினால் விண்டோஸ் பாகத்தில் லினக்ஸ் எழுத முடியாமல் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மறுநாள் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நின்றது! வைரஸ் என்று பயந்தே போனான். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் சண்டை அது. லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகிவிட்டது. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்ஸோடு எம்17என் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முறை எல்லாம் வந்துவிட்டன.

லேப்டாப் முடிந்தது. அடுத்து கடை.

பொங்கல் விடுமுறையில் பென் டிரைவோடு ஊருக்குப் போனான். அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏல, இதுல பாமினி வருமால?"

"ஃபான்ட் வரும்பா. பேஜ்மேக்கர்தான் வராது."

"அது வராம நான் என்னத்தல செய்ய?"

நியாயமான கேள்வி. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். ஆனால் அந்தக் கடையின் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இன்றும் அதில்தான். இருபது வருடக் கோப்புகள். "போன மாசம் அடிச்ச மாதிரியே, பேரை மட்டும் மாத்துங்க" என்று வருகிறவர்களை நம்பித்தான் பிழைப்பு. லிப்ரே ஆபிஸ் டிராவில் ஒரு பத்திரிகையைத் திறந்து காட்டினான். திறந்தது. ஆனால் மணமகன் பெயர் மணமகள் பெயர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வைன் வழியாக விண்டோஸ் மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம், சில ஓடும், சில ஓடாது. தை மாசம் முகூர்த்த நெருக்கடியில் ஒரு கடையில் வைத்துப் பரிசோதிக்கும் விஷயமா அது?

இதைத்தான் லினக்ஸ் ஆர்வலர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை. டிஸ்ட்ரோவைத் தேடுவதற்கு முன்னால், எந்த மென்பொருள் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளில் ஃபோட்டோஷாப், ஆட்டோகேட், பேஜ்மேக்கர் மாதிரி ஒன்று இருந்தால், எந்த டிஸ்ட்ரோ என்ற கேள்வியே அந்தக் கணினிக்குப் பொருந்தாது.

கடைசியில் இரண்டில் ஒன்று மட்டும் மாறியது. இணையத்தில் விண்ணப்பம் போடுவது, ஹால் டிக்கெட் எடுப்பது, ஸ்கேன் செய்வது, இவற்றுக்கான கணினியில் மின்ட். பிரிண்டரை மாட்டியதும் அதுவாகவே தெரிந்துகொண்டதில் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களை முதலில் இதில்தான் செருகுகிறார்.

பேஜ்மேக்கர் கணினி விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. அதன் நெட் கேபிள் மட்டும் கழற்றப்பட்டு, ரப்பர் பேண்ட் போட்டு மேசைக்குப் பின்னால் தொங்குகிறது.