மஞ்சள் விளக்கு வம்பு

அன்புத் தோழிக்கு,

மகளோடு உட்கார்ந்து 'மேரி பாப்பின்ஸ்' பார்த்ததாக எழுதியிருந்தாயே, பாட்டெல்லாம் இருக்கட்டும். ஜூலி ஆண்ட்ரூஸ் தொப்பியில் ஒரு மெல்லிய வலைத்துணி இருக்குமே, அதைக் கவனித்தாயா? கார்ட்டூன் தோட்டத்தில் அவள் நடக்க நடக்க, வலைக்குப் பின்னால் தோட்டம் பளிச்சென்று தெரியும். 1964-லடி! நாள் முழுக்க ரோட்டோ செய்து, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக ஆளைச் சுற்றிக் கோடு போட்டு, கண் பூத்துப்போன எனக்கு வயிறு எரியாதா?

அப்போதெல்லாம் ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்க நீலத்திரைதான். ஆனால் முடி, புகை, மெல்லிய துணி என்று வந்தால் ஓரத்தில் நீலக்கோடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கிவிடும். டிஸ்னிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பின்னால் வெள்ளைத் திரை, அதன்மேல் சோடியம் விளக்கு. அந்த மஞ்சள் 589 நானோமீட்டரை ஒட்டிய குறுகலான ஒளி. கேமராவுக்குள் ஒரு பட்டகம் உட்கார்ந்து அதை மட்டும் தனியாக ஒரு கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குத் தள்ளிவிடும். மிச்சமெல்லாம் கலர் ஃபிலிமுக்கு. ஷாட் முடியும்போதே மேட், அதாவது ஆளைப் பிரித்தெடுக்கும் நிழலுரு, கையில்! நடிகர் மஞ்சள் சட்டையே போட்டிருந்தாலும் ஓட்டை விழாது.

வம்புக்கு வருகிறேன். இதில் பெட்ரோ விலாஹோஸ் என்ற பொறியாளரோடு கை கோத்தவர் அப் ஐவர்க்ஸ். மிக்கி மவுஸை முதலில் வரைந்த கை அவருடையதுதான். 1930-ல் வால்ட் டிஸ்னியை விட்டுப் போய்த் தனிக்கடை போட்டார், சோபிக்கவில்லை, 1940-ல் திரும்பிவந்தார். வந்தவர் பென்சிலைத் தொடாமல் கேமரா பக்கம் ஒதுங்கிவிட்டார். என்ன பேசிக்கொண்டார்களோ! பிறகு ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' படத்துக்கு அவரைக் கூப்பிட்டார். பறவை படபடவென்று சிறகடித்தால் நீலத்திரையில் ஓரம் கெட்டுப்போகும், அதற்குத்தான் இந்த மஞ்சள். அது வந்த வருஷத்துப் படங்களுக்கான ஆஸ்கர் எஃபெக்ட்ஸ் போட்டியில் இரண்டே படம். பரிசு 'கிளியோபாட்ரா'வுக்கு! எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்லவேளை, அடுத்த வருஷமே விலாஹோஸ், வாட்ஸ்வொர்த் போல், ஐவர்க்ஸ் மூவருக்கும் இந்த வேலைக்காகவே ஆஸ்கர் வந்தது.

அப்புறம் இந்த மஞ்சள் விளக்கு முறை வழக்கொழிந்துபோனது. அந்தப் பட்டகம் மாதிரி இன்னொன்று செய்யவே வரவில்லை என்று ஊர்ப்பேச்சு. 2024-ல் எஃபெக்ட்ஸ் ஆராய்ச்சியாளர் பால் டெபெவெக் கூட்டாளிகளோடு சேர்ந்து அதைத் திரும்ப முயன்று பார்த்தார்; முடி, துணி எல்லாம் அழகாகப் பிரிந்து வந்தன.

நம் கதை? பச்சைத்திரை வைத்திருந்தாலும் கன்னத்தில் பச்சை வழியும். திரையே இல்லாமல் தெருவில் எடுத்து அனுப்பினால், நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் ஆளைச் சுற்றி நாங்கள் கோடு போட வேண்டும். சென்னையில் வெளிநாட்டுப் படங்களுக்கும் இதுதான் பிழைப்பு. "இப்போதான் ஏஐ இருக்கே" என்பாய். உடம்பை நன்றாகத்தான் வெட்டுகிறது. முடிக்கு வந்ததும் ஓரம் நடுங்க ஆரம்பிக்கும், ஃபைல் திரும்ப என் மேஜைக்கே வரும். 'க்ளையன்ட் நாளைக்கே கேட்கிறார்' என்ற அருள்வாக்கோடு.

'தி பேர்ட்ஸ்' கிடைத்தால் பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிற காட்சியில் சில ஷாட்டுகள் ஸ்டூடியோவுக்குள் டிரெட்மில்லில் எடுத்தவை, கண்டுபிடிக்கிறாயா பார்க்கலாம். மகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதே, ராத்திரி தூங்கமாட்டாள்.

உன்,
ரோட்டோக்காரி