42 வயதில் ஒரு பெனால்டி

நேற்று ஆசிரியர் அறையில் 2022 ஜப்பான் பேரரசர் கிண்ண இறுதிப் போட்டியின் காணொளி பார்த்தோம். ஹிரோஷிமாவுக்கு எதிராக, இரண்டாம் பிரிவில் 18ஆம் இடத்தில் அந்தப் பருவத்தை முடித்த கோஃபு. 1-1. மேலதிக நேரம் முடியும் தறுவாயில், மாற்று வீரராக வந்த 42 வயது ஹிதெயோமி யமமோட்டோவின் கையில் பந்து பட்டுப் பெனால்டி! கோல் காப்பாளர் கவாட்டா பாய்ந்து தடுத்தார். பிறகு பெனால்டி உதைகளில் கோஃபுவின் ஐந்தாவது உதை யாருக்கு? அதே யமமோட்டோவுக்கு! அடித்தார். 5-4, கிண்ணம் கோஃபுவுக்கு.

போன வருஷம் கோட்ட மட்டப் போட்டியில் கையில் பந்து பட்டதற்காக ஒரு பிள்ளையை உடனே வெளியே இருத்தியவர்கள் நாங்கள். அதன்பின் அவன் பயிற்சிக்கே வரவில்லை. இன்று வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம்.

"கேட்டுப் பாக்கிறன் சேர்" என்றார் வாப்பா. அவன் அறைக்குள்ளேயே இருந்தான்.