ஹார்லெம்: பெயர்ச்சீட்டு மாறும் ஊர்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து மேற்கே ரயிலில் கால் மணி நேரம் போனால் ஹார்லெம். அங்கே ஸ்பார்னே ஆற்றங்கரையில் நிற்கிறது, 1784-ல் திறக்கப்பட்ட டெய்லர்ஸ் மியூசியம். நெதர்லாந்தின் மிகப் பழைய மியூசியம் இதுதான். பட்டு வியாபாரத்திலும் வங்கித் தொழிலிலும் பணம் சேர்த்த பீட்டர் டெய்லர் 1778-ல் இறந்தபோது கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் விட்டுச்சென்ற சொத்தில் எழுந்தது. மேலே கண்ணாடி ஜன்னல்கள் வழியாகப் பகல் வெளிச்சம் இறங்கும் முட்டை வடிவக் கூடம். மர அலமாரிகளில் கனிமங்களும் பழைய கருவிகளும்.

ஓவியம் பார்க்க வந்தவரும் முதலில் இரண்டு கல் பலகைகளின் முன் நிற்பது நல்லது. ஒன்றில் ஓர் எலும்புக்கூடு. 1726-ல் ஸ்விஸ் அறிஞர் ஷாய்ட்சர், நோவா காலத்துப் பிரளயத்தில் மூழ்கிய மனிதன் என்று இதை அறிவித்தார். 1811-ல் ஹார்லெம் வந்த பிரெஞ்சு விஞ்ஞானி குவியே கல்லைக் கொஞ்சம் செதுக்கினார். மறைந்திருந்த முன்னங்கால்கள் வெளிப்பட்டன. மனிதனல்ல, ராட்சத சாலமாண்டர். இன்னொரு பலகை 1860 முதல் இங்கே இருக்கிறது. பறக்கும் ஊர்வன இனம் என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பப்பட்டது. 1970-ல் அமெரிக்கரான ஜான் ஆஸ்ட்ரம் உற்றுப் பார்த்தார். மங்கலாக இறகுத் தடம். ஆதிப்பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்றார். 2017-ல் அந்தப் பெயரும் போய், அவர் நினைவாக ஆஸ்ட்ரோமியா என்றானது.

கல் மாறவில்லை. பார்த்த கண்தான் மாறியது. இதே கட்டடத்தின் இருட்டுப் பெட்டகங்களில் இருக்கும் காகிதங்களுக்கும் இது பொருந்தும்.

1790-ல் ரோமின் ஒடெஸ்கால்கி குடும்பத்திடமிருந்து சுமார் 1,700 ஓவியத் தாள்களை டெய்லர் அறக்கட்டளை வாங்கியது. அவற்றில் பல, பட்டம் துறந்து ரோமில் வாழ்ந்து 1689-ல் இறந்த ஸ்வீடன் ராணி கிறிஸ்டினாவின் சேகரிப்பு. இருபதுக்கும் மேற்பட்ட தாள்கள் மைக்கலாஞ்சலோவுடையவை என்று கருதப்படுகின்றன. கறுப்பு சாக்கில் வரைந்த நிர்வாண ஆண்கள், வாடிகன் சிஸ்டைன் கூரையில் மரண வேதனையில் முறுக்கிக்கொண்டிருக்கும் ஆமானுக்கான சிவப்பு சாக் பயிற்சி இவற்றில் உண்டு. ஒன்றிலும் ‘நான் வரைந்தேன்’ என்ற நம்பகமான கையெழுத்து கிடையாது. அவர் 1564-ல் சாகுமுன் தன் வரைபடங்கள் பலவற்றை எரித்துவிட்டதாக வசாரி எழுதியிருக்கிறார். சீடர்களோ ஏராளமாக நகலெடுத்தார்கள்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த சாக் பள்ளிக்கூட சாக்பீஸ் அல்ல. சிவப்பு, நம் ஊர் காவிக்கல் போன்ற இரும்புச் சத்துள்ள மண். கறுப்பு, கரி கலந்த மென்கல். அழுத்தினால் அடர்த்தி, தடவினால் நிழல். கையின் வேகமும் தயக்கமும் அப்படியே பதியும். நிபுணர் முதலில் தேடுவது திருத்தங்களை. தொடையின் கோட்டை ஒருமுறை போட்டு, சற்றுத் தள்ளி மறுபடி போட்டிருந்தால், அங்கே ஒருவர் யோசித்திருக்கிறார். நகலெடுப்பவருக்கு விடை முன்பே தெரியும். கோடு சுத்தமாக, உயிரற்று ஓடும். முடிந்த சுவரோவியத்தோடு தாள் அச்சாக ஒத்துப்போனால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

நிழல் கோடுகளின் சாய்வும் பேசும். லியோனார்டோ இடதுகைக்காரர், அவர் கோடுகள் மேல் இடப்புறமிருந்து கீழ் வலப்புறம் சரியும். ஆனால் ஈரக் காகிதத்தை சிவப்பு சாக் படத்தின் மேல் அழுத்தி எடுத்தால் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும், வலதுகைக்காரர் இடதுகைக்காரராகிவிடுவார். அதையும் கவனிக்க வேண்டும்.

பிறகு காகிதம்: வெளிச்சத்தில் தெரியும் நீர்க்குறி, சேகரிப்பாளர்களின் முத்திரை, பின்பக்கத்துக் கிறுக்கல். காலம் பொருந்தாவிட்டால் பொய் என்று சொல்லிவிடலாம். பொருந்தினால் உண்மை என்று சொல்ல முடியாது. 1996-ல் இறந்த ஆங்கிலேயர் எரிக் ஹெப்பார்ன் பழைய வெற்றுக் காகிதத்தைத் தேடிப் பிடித்து வரைந்து, பெரிய மியூசியங்களையே ஏமாற்றினார்.

ஹார்லெம் தாள்களிலும் சச்சரவு ஓயவில்லை. கலை வரலாற்று அறிஞர் அலெக்சாண்டர் பெரிக் 1991-ல் ஒரு புத்தகம் எழுதி, உலகெங்கும் மைக்கலாஞ்சலோ பெயரிலுள்ள பல வரைபடங்களை நிராகரித்தார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2005-ல் இங்கேயும் 2006-ல் லண்டனிலும் நடந்த கண்காட்சியில் ஹார்லெம், பிரிட்டிஷ் மியூசியம், ஆக்ஸ்ஃபோர்டு தாள்கள் ஒன்றுசேர்ந்தன. லண்டனிலும் ஓர் ஆமான் இருக்கிறது, அதே சிவப்பில். ஒன்றை ஒன்றோடு ஒப்பிடுவதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

இது ஏலத் தொகை பற்றிய கவலை மட்டுமல்ல. அந்தக் கறுப்பு சாக் ஆண்கள் 1504-ல் ஃப்ளாரன்ஸ் நகரசபை கேட்ட ‘காஷினா யுத்தம்’ ஓவியத்துக்கானவர்கள். சுவரில் அது வரையப்படவே இல்லை. முழு அளவு முன்வரைவும் துண்டு துண்டாகிக் காணாமல் போனது. எஞ்சியவை பிறர் எடுத்த நகல்களும் இதுபோன்ற சில தாள்களும்தான். இவை அவர் கை என்றால், முப்பது வயதுகூட ஆகாத மைக்கலாஞ்சலோ ஓடும் உடலை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு நேரடிச் சாட்சி. இல்லையென்றால் இன்னொரு நகல்.

வெளிச்சம் பட்டால் காகிதம் கெடும் என்பதால் இவற்றை எப்போதும் மாட்டி வைப்பதில்லை. போகும் நாளில் ஆமானைப் பார்க்கக் கிடைக்காமல் போகலாம். ஏமாற வேண்டாம். அந்த சாலமாண்டர் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து ஆண்டுகள் மனிதனாக இருந்துவிட்டு வந்தது அது. பெயர்ச்சீட்டை நம்புவதற்கு முன் பொருளைப் பார்க்கச் சொல்ல அதைவிடத் தகுதி யாருக்கு?