வண்டிக்கூலிக்கு யார் தருவார்?

குவீன்ஸ், நியூயார்க்



இங்கே ரேஷன் கடை கிடையாது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் ஒரு கார்டில் பணம் ஏற்றிவிடுகிறது. அதைக் கடையில் தேய்த்து அரிசி, பால், கறி வாங்கிக்கொள்ளலாம். ‘ஸ்நாப்’ என்று 2008-இல் பெயர் மாற்றினார்கள். எங்கள் தெருவில் இன்னும் ‘ஃபுட் ஸ்டாம்ப்’தான். ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் இதை நம்பி உலை வைக்கிறார்கள்.

இந்தக் கார்டை ஆன்லைனிலும் ஏற்கச் சோதனை நடத்த வேண்டும் என்று 2014-லேயே சட்டம் வந்தது. தொடங்கியதோ 2019 ஏப்ரலில், இதே நியூயார்க் மாநிலத்தில். பிறகு கொரோனா வந்தது. ஐந்து வருடம் நகராத கோப்பு ஒரே வருடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு ஓடியது. கடைசியாக 2023-இல் அலாஸ்காவும் சேர்ந்தது.

நடக்க முடியாத முதியவர்களுக்கும் கார் இல்லாதவர்களுக்கும் இது வரப்பிரசாதம் என்றார்கள். ஆனால் அதிகம் பயன்படுத்துகிறவர்கள் வயது குறைந்தவர்கள், வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்கள். ஆய்வு செய்தவர்கள் சொல்வதும் அநேகமாக இதுதான். எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான்.

மேல்வீட்டுப் பெண்மணி முதியோரை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். வேலை முடிந்து ரயிலில் வரும்போதே போனில் மளிகை போட்டுவிடுவார். பணம் கட்டும் திரையை ஒருநாள் காட்டினார். முட்டை, கோழி, வாழைப்பழம் எல்லாம் அரசுக் கார்டில். சோப்பு, குழந்தையின் டயாப்பர், குப்பைப் பை, டெலிவரி கட்டணம், கொண்டுவருபவருக்கு டிப்ஸ் எல்லாம் அவர் சொந்தக் காசில். உணவுக்கு மட்டுமே பணம் என்பது சட்டம், வண்டிக்கூலி உணவல்லவே! அதனால் கார்டில் பணம் ஏறியதும் மொத்தமாக ஒரே ஆர்டர் போட்டுவிடுகிறார்.

கீழ்வீட்டுப் பாட்டியம்மாவுக்கு அந்த வழியும் அடைப்பு. தக்காளியை அழுத்திப் பார்க்காமல் வாங்க மனம் வராது என்பார். அது பாதி உண்மை. மீதி, கணக்கு. ஒருவர் இருவர் உள்ள வீட்டுக்குத் தரும் குறைந்தபட்ச உதவி மாதம் 25 டாலர்கூட இல்லை. 35 டாலருக்குக் குறைந்தால் தனிக் கட்டணம் என்கிற கடைகளோ பல. கட்டணம் கட்ட அவரிடம் வங்கிக் கார்டும் கிடையாது. இரண்டு சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். நம்மூரில் ‘தாயுமானவர்’ திட்டத்தில் முதியோர் வீட்டு வாசலுக்கே ரேஷன் போகிறது என்று சொன்னேன். நம்பவில்லை. “வண்டிக்கூலி யார் கொடுப்பது?” என்று கேட்டார்.

எனக்குப் புரியாத விஷயம் இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ‘விக்’ என்று தனி உதவி உண்டு. எந்தப் பால்மாவு, எத்தனை அவுன்ஸ் என்று அதில் எல்லாம் கறாராக இருக்கும். அந்தக் கார்டு பெரும்பாலும் ஆன்லைனில் செல்லாது. கைக்குழந்தைக்காரி கடைக்கு நேரில்தான் போகவேண்டும். சில இடங்களில் சோதனை நடக்கிறதாம். எங்கள் பக்கம் அது வந்து சேர்வதற்குள் தன் கடைக்குட்டிக்கு ஐந்து வயது தாண்டிவிடும் என்று மேல்வீட்டுக்காரர் சிரிக்கிறார்.