கவிதை விற்ற கவிஞர்

கவிஞனொருவன் பிறர் கவிதைகளை விற்பதைத் தொழிலாக மேற்கொண்டால் அவனுடைய வாசிப்புக்கு யாது நேரும்? புத்தகசாலையில் நிற்பவன் நாள்தோறும் நூல்களைத் தொடுகிறான், தூசி துடைக்கிறான், விலை கூறுகிறான். அவற்றை வாசிக்கிறானா என்பது வேறு வினா. ஆங்கிலக் கவிஞர் ஹரோல்ட் மன்றோவின் (1879–1932) பிற்கால வாழ்வு இவ்வினாவைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

1913 ஆம் ஆண்டு ஜனவரியில், இலண்டன் புளூம்ஸ்பெரிப் பகுதியில், டெவன்ஷயர் வீதி 35 ஆம் இலக்க வீட்டில் மன்றோ தமது ‘கவிதைப் புத்தகசாலை’யைத் திறந்துவைத்தார். வீதி ஒடுக்கமானது, வறியோர் வாழ்ந்தது. பொன்னை மெல்லிய தகடாக அடிக்கும் தொழிலாளரின் சம்மட்டியோசை அங்கு எந்நேரமும் கேட்கும். அத்தகையதோர் இடத்திற் கவிதைக்கென்றே ஒரு கடை! வணிகம் அறிந்தோர் நகைத்திருப்பர். கடை இலாபம் ஈட்டவுமில்லை. தமது சொந்த வருமானத்தை இட்டே மன்றோ அதனை நடத்தினார். மேல்மாடி அறைகளிற் கவிஞர் சிலர் குறைந்த வாடகைக்குத் தங்கினர். சிறுவர்க்கும் எளியோர்க்குமெனப் படங்களுடன் ஒற்றைத்தாளில் அச்சிட்ட பாட்டுகள் ஓரிரு பென்னிக்கு விற்கப்பட்டன.

திறப்புவிழாவுக்கு வந்தோருள் அப்பொழுது எவராலும் அறியப்படாத அமெரிக்கர் ஒருவரும் இருந்தார். அவருடைய சப்பாத்துகளைக் கொண்டே அவர் அமெரிக்கர் என அடையாளங் கண்டார் எவ். எஸ். ஃபிளின்ற் என்ற கவிஞர். வந்தவர் றொபேட் ஃபுறொஸ்ற். ஃபிளின்ற் வழியாகவே அவருக்கு எஸ்றா பவுண்டின் அறிமுகமும் கிட்டிற்று. புத்தகசாலையொன்று நூல் விற்பதற்கு அப்பாலும் எதற்குப் பயன்படும் என்பதற்கு அன்றைய மாலையே சான்று.

கவிதை செவிக்குரியது என்பது மன்றோவின் உறுதியான கொள்கை. அச்சிட்ட பக்கம் இசைக்குறிப்பைப் போன்றதே. குரல் எழும்போதுதான் அது கவிதையாகிறது என அவர் கருதினார். எனவே வாரந்தோறும் மாலைவேளைகளில் அங்கு கவிதை வாசிப்புகள் நிகழ்ந்தன. றூபேட் புறூக் வாசித்தார், யேற்ஸ் வாசித்தார். பிறர் கவிதைகளை மன்றோவும் இடையறாது வாசித்தார்.

இவ்வளவு வாசித்த ஒருவரின் செவி பிழைபட்டது என்பதே இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1914 இல், இலண்டனுக்கு வந்திருந்த கொன்றட் எய்க்கன் தம் நண்பரின் நீண்ட கவிதையொன்றை மன்றோவிடம் காட்டினார். பித்தனின் பிதற்றலென அதனை அவர் ஒதுக்கினார். அக்கவிதை ‘புறூஃபுறொக்’, நண்பர் ரி. எஸ். எலியற். எட்வேட் தோமஸ் தம் கவிதைகளை அனுப்பியபோதும் மன்றோ ஏற்கவில்லை. 1917 ஏப்ரலில் அறாஸ் போர்க்களத்தில் தோமஸ் மாண்டார். இவை கவனக்குறைவால் நேர்ந்தவை என்று கூறிவிட முடியாது. 1912 முதல் 1922 வரை வெளிவந்த ‘ஜோர்ஜியக் கவிதை’த் தொகுதிகள் ஐந்தையும் வெளியிட்டது அப்புத்தகசாலையே, முதற் றொகுதிகள் பெருமளவில் விற்பனையாயின. மாலைதோறும் கூடியோர் எதனை விரும்பினரோ அதற்கே அவர் செவியும் பழகிப் போயிருக்கலாம். விற்பனை மேசை வாசகனுக்கு இடும் பொறி இதுதான் போலும்.

ஆனால் அதே கடையில் இன்னொரு வகை வாசிப்பும் இருந்தது. மன்றோவின் துணைவியாகப் பின்னர் 1920 இல் ஆகிய அலிடா, 1912 இல் வார இதழொன்றிற் கண்ட ஒரு கவிதையை மனனம் செய்து வைத்திருந்தார். அதனை எழுதிய சாளற் மியூவுக்கு 1915 இல் அவர் கடிதம் எழுதினார். தயங்கித் தயங்கியே அப்பெண்மணி புத்தகசாலையின் வாயிலை மிதித்தார். 1916 இல் மியூவின் முதற் கவிதைநூல் அங்கிருந்தே வெளிவந்தது. வெளியிடுவதற்கென்று கையெழுத்துப் பிரதியைப் புரட்டியவரிலும், எந்த நோக்கமுமின்றி நெஞ்சில் ஒரு கவிதையை மூன்றாண்டுகள் சுமந்தவர் கூர்மையான வாசகராய் இருந்தார்.

மன்றோ எப்பொழுதும் தவறினாரென்பதற்கில்லை. 1916 இன் தொடக்கத்தில் இளம் படைவீரர் ஒருவர் மேல்மாடி அறையிற் சிலநாள் தங்கித் தமது பதினான்கடிப் பாக்களை அவரிடம் காட்டினார். மன்றோ அவற்றைப் பொறுமையோடு நோக்கிக் குறைநிறைகளை எடுத்துரைத்தார். இளைஞர் பெரிதும் மகிழ்ந்தார். அவர் வில்பிரட் ஓவன். அவ்வாண்டே மன்றோவும் படைச்சேவைக்குச் செல்ல நேர்ந்தது. கடையின் சுமை முழுவதும் அலிடாவின் தோளில் வீழ்ந்தது.

மன்றோவின் சொந்தக் கவிதை? கடைக்குக் கொடுத்தது போக எஞ்சிய நேரத்திலேயே அது பிறந்தது. ‘அசையாச் சொத்து’ (1922), ‘விற்பனைக்குப் பூமி’ (1928) எனத் தமிழிற் பெயர்க்கத்தக்க தலைப்புகளை அவர் நூல்களுக்கு இட்டமை தற்செயலாய் இருக்க முடியாது. 1926 இல் புத்தகசாலை கிறேற் றசல் வீதிக்கு இடம்பெயர்ந்தது. மதுவும் நோயும் அவரை உருக்குலைத்தன. 1932 மார்ச்சில் அவர் காலமானார். மூன்றாண்டுகளின் பின் கடையும் மூடப்பட்டது.

1933 இல் அவருடைய கவிதைகள் அனைத்தையும் அலிடா தொகுத்து வெளியிட்டார். வாழ்க்கைக் குறிப்பை ஃபிளின்ற் எழுதினார். அத்தொகுதிக்குத் திறனாய்வுக் குறிப்பு எழுதியவர் ரி. எஸ். எலியற்.