பார்த்துக்கொண்டிருந்த ஊர்

வளரிளம் பருவத்தினர், தம் நடை, உடை, முகப்பரு உட்பட அனைத்தையும் பிறர் ஓயாமல் கவனித்துக்கொண்டிருப்பதாக நம்புகின்றனர் என்று கண்ட அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட், 1967-இல் அந்த நம்பிக்கைக்குக் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்று பெயரிட்டார். மனத்துக்குள் ஓர் அரங்கை அமைத்து, அதில் இல்லாத கூட்டத்தை உட்காரவைத்து, அதன் முன் தானே நடிகனாக நிற்பது இதன் பொருள். 1980-களின் இறுதியில் பேராவூரணியில் மேல்நிலைப்பள்ளிக்குச் சென்ற ஒரு மாணவனுக்கு இக்கருத்தைப் பொருத்திப் பார்த்தால், அதில் ‘கற்பனை’ என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட வேண்டியிருக்கும். சேது சாலையில் மிதிவண்டியை ஒரு பெண்ணின் அருகே சற்று மெதுவாக ஓட்டிய செய்தி, ஓட்டியவன் வீடு திரும்பும் முன்பே வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிடும் ஊரில், பார்வையாளர் கூட்டம் உண்மையானது. அதற்கு விடுமுறையும் கிடையாது.

அக்காலத்தில் அங்கே படித்து, 1991-இல் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, பெற்றோர் திருச்சியில் மகள் வீட்டோடு குடியேறிய பின் வருவதற்குக் காரணம் இல்லாமற்போய், ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து 2024-இல் ஊருக்குள் நுழைந்த ஒருவரின் அனுபவமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவர் வியப்புக்குரிய மனிதர் அல்லர். கடைமடையிலிருந்து, அதாவது காவிரி நீர் மேல்மடை வயல்களையெல்லாம் நனைத்த பிறகு கடைசியாக வந்து சேரும் நிலப்பகுதியிலிருந்து, கடல் கடந்து போன பல்லாயிரவரில் ஒருவர். மேட்டூர் அணையோடு 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாயை இப்பகுதியினர் இன்றும் ‘புது ஆறு’ என்றே அழைக்கின்றனர். மேட்டூரில் ஜூன் 12-இல் மதகு திறந்தாலும், தம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று மேற்கே பார்த்து நிற்பது இவ்வூர்க்காரரின் பிறவிப் பழக்கம் என்றே சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 1978-இல் புகுமுக வகுப்பு பள்ளிக்கு மாற்றப்பட்டு ‘பிளஸ் டூ’ ஆனபோது, சிற்றூர் மாணவனின் வாழ்க்கை ஒரே தேர்வின் மேல் நிறுத்தப்பட்டது. முடிவு வரும் நாளன்று மாலை நாளிதழ் பேருந்தில் வந்து இறங்கும். அதில் பெயர்கள் இல்லை, தேறியவர்களின் பதிவெண்கள் மட்டும் நெருக்கமாக அச்சாகியிருக்கும். கடைவாசலில் விரித்த தாளின் மேல் பத்துத் தலைகள் கவிழ, யாரோ ஒருவர் விரலை வைத்து வரிசையாக வாசிக்க, ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே தன் எண் விடுபட்டிருப்பதை ஒருவன் ஊர் நடுவில் நின்று அறிந்துகொள்வான். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் கூலி 1902-இல் ‘கண்ணாடித் தன்னிலை’ என்றதும் இதைத்தான். பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று ஊகித்து, அந்த ஊகத்தையே நம் உருவமாக ஏற்றுக்கொள்வது. பேராவூரணிக் கடைத்தெருவில் அந்தக் கண்ணாடி செய்தித்தாளின் அளவில் இருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க அம்மாணவனுக்குக் கிடைத்த சொற்கள் மிகக் குறைவு. ‘உளவியல்’ என்பது பாடநூலில்கூட அரிதான சொல். வார இதழ்களும் கிளை நூலகத்தின் கிழிந்த புத்தகங்களும் ‘மனோதத்துவம்’ என்ற சொல்லை வழங்கின. அந்த அலமாரியில் அதிகம் கைமாறிய நூல், அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பி, 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கிய எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’. எண்ணத்தை மாற்றினால் வாழ்வு மாறும் என்ற அந்நூலின் துணிவு, தாழ்வு மனப்பான்மையில் ஊறிய எத்தனையோ இளைஞர்களை எழுந்து உட்காரவைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வகை எழுத்தில் ஒரு குறை உண்டு: வெற்றியை மனத்தின் கணக்கில் வரவு வைத்தால் தோல்வியையும் அதே கணக்கில்தான் பற்று எழுத வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வராத ஆண்டில் பள்ளிக் கட்டணம் நின்றுபோனதும், எந்தத் தெருவில் பிறந்தோம் என்பதைப் பொறுத்து எந்த வீட்டுத் திண்ணை வரை போகலாம் என்பது தீர்மானமானதும் அந்தப் பேரேட்டில் எங்கும் இடம்பெறவில்லை. அம்மாணவன் பிளஸ் ஒன் படிக்கையில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்த குறிப்புகளில், ‘மன உறுதி போதவில்லை’ என்ற தொடர் பக்கத்துக்கு இருமுறையாவது வந்தது. ‘சாதி’ என்ற சொல் ஒருமுறையும் வரவில்லை.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவரும், காந்தியை ஆராய அகமதாபாத்துக்கு வந்து 1969-இல் நூலொன்றை வெளியிட்டவருமான எரிக் எரிக்சன், தன்னடையாளத்தைத் தேடும் இளைஞனுக்குச் சமூகம் ஓர் அவகாசம் தரவேண்டும் என்றார். அவர் கையாண்ட சொல் கடன் உலகத்திலிருந்து வந்தது. புயலடித்த ஆண்டில் விவசாயிக்குத் தவணையை ஒத்திவைப்பது போல, வளர்ந்தவனுக்குரிய பொறுப்புகளைச் சிறிது காலம் ஒத்திவைப்பது. பேராவூரணியில் இந்த அவகாசத்தைப் பள்ளி தரவில்லை, பாஸ்போர்ட் தந்தது. பிளஸ் டூ முடித்தபின் திருச்சியில் விண்ணப்பித்து, ஏஜெண்டிடம் பணம் கட்டி, வேலை அனுமதி வரும்வரை காத்திருந்த ஓராண்டோ ஈராண்டோதான் அவ்வூர் இளைஞர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வுக்காலம். அரசியல் பேசியதும், படித்ததும், நட்பு முறிந்ததும், கடவுளை விட்டதும் பிடித்ததும் அப்போதுதான். ஊர் அதற்கு இட்ட பெயர் ‘சும்மா சுத்துறான்’ என்பது. இது ஆண்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை என்பதையும் சொல்லியாக வேண்டும். உடன் படித்த பெண்களுக்குப் பள்ளிக்கும் திருமணத்துக்கும் இடையே ஓர் ஆவணியோ ஒரு தையோதான் இருந்தது.

சிங்கப்பூரில் அவர் முதலில் உணர்ந்தது பார்வையாளர் இல்லாத வெறுமை. ரயிலில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஞாயிறு மாலைகளில் தேக்காவில் பட்டுக்கோட்டைக்காரர்கள் ஒரு பக்கம், அறந்தாங்கிக்காரர்கள் ஒரு பக்கம் என்று ஊர்வாரியாகக் கூடி நின்றதற்குக் காரணம், வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது தன்னைப் பார்க்கவேண்டும் என்ற தேவையாகவே இருக்க வேண்டும்.

திரும்பி வந்தவருக்கு ஊர் அடையாளம் தெரியவில்லை. மீட்டர் பாதை எடுக்கப்பட்டு அகலப்பாதையாகி, 2019-இல் திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 16-இல் கரைகடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்திருந்ததால், ‘ரெட்டைத் தென்னை வீடு’ என்று மரத்தை வைத்து வழி சொல்லும் முறையே பயனற்றுப் போயிருந்தது. புதுக் கன்றுகள் காய்க்கத் தொடங்கியிருந்தாலும், அவற்றுக்குக் கீழே நிற்பவரின் தலைக்கும் குலைக்கும் இடையே இன்னும் அதிகத் தூரமில்லை.

பள்ளி மாணவனைச் சூழ்ந்த பார்வையும் மாறியிருந்தது. முதல் மூன்று இடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் கைவிட்டுவிட்டது; மதிப்பெண் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது; தோற்றவன் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம். கலங்குபவர் பேசுவதற்கு 2018-இல் 14417 என்ற உதவி எண்ணும், எழுதிப் போடுவதற்குப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டியும் வந்துள்ளன. நோட்டில் இல்லாத அந்தச் சொல்லும் அரசு ஆவணத்தில் ஏறிவிட்டது: 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யுமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. மனம் என்பது தனியாள் சொத்து அன்று, மணிக்கட்டில் பிறர் கட்டிவிட்டதும் அதில் சேர்த்தி என்பதை ‘எண்ணங்கள்’ படித்த தலைமுறை மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. காலைப் பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் பெண்களின் கூட்டம் மட்டுமே அவருக்கு எவ்விதத் தயக்கமும் இல்லாத மகிழ்ச்சியைத் தந்தது.

ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த தேநீர்க்கடையில் அவர் அரைமணி நேரம் அமர்ந்திருந்தார். பெஞ்சில் இருந்த மாணவர் நால்வரும் கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை. எண்பதைக் கடந்த ஒரு முதியவர் மட்டும் அவரையே உற்றுப் பார்த்து, “தம்பி யாரு வூட்டுப் புள்ள?” என்று கேட்டார். ‘ரெட்டைத் தென்னை வீடு’ என்றதும் முதியவரின் முகம் மலர்ந்தது. “அட, டாக்டருக்குப் படிச்ச புள்ளயா?” என்றார். மருத்துவம் படித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். இவருடைய எண் அன்று அந்தத் தாளில் இடம்பெறவே இல்லை. திருத்துவதற்கு வாயெடுத்தவர், தம்மை இந்த அளவுக்கேனும் உற்றுப் பார்த்த ஒரே கண்கள் அவை என்று எண்ணியோ என்னவோ, “ஆமாங்கய்யா” என்றார். முதியவர் வேட்டியைச் சற்று உயர்த்தி, வீங்கிய இடது முழங்காலை அவர் பக்கம் நீட்டினார்.